நிழலில் வைத்த கனகாம்பரம் வெளுத்துப் போய்விட்டது, பூவும் இல்லை. எப்படித் தேற்றுவது?

வேப்பமரத்தடியில வச்சிருக்கேன், எட்டு மாசமா மொட்டே இல்லைங்கறீங்க. இதுக்குள்ள ஒரு கை யூரியாவும் ஒரு சொம்பு புண்ணாக்குத் தண்ணியும் ஊத்திப் பாத்திருப்பீங்க. நானும் அதைத்தான் பண்ணுனேனுங்க.

"கனகாம்பரம் வெயில் பயிராச்சே"ன்னு யாரும் சண்டைக்கு வந்துராதீங்க. காட்டுல வெட்டவெளியிலதான் போடறாங்க, தெரியும். வீட்டுல அரை நிழல் நல்லாவே ஒத்துக்கும், காலை வெயில் ரெண்டு மூணு மணி நேரம் பட்டாப் போதும். ஒரேயடியா இருட்டா இருந்தாத்தான் செடி மட்டும் நிக்கும், பூக்காது.

எங்க செடி காங்கயம் பக்கம் அம்மிச்சி (அம்மாவோட அம்மா) வீட்டுல இருந்து வந்தது. டெல்லி கனகாம்பரம். மும்மடிய ரகம், அதாவது குரோமோசோம் மூணு தொகுதியா இருக்கற ரகம், அதனால விதை கட்டாது, குச்சி ஒடிச்சு நட்டாத்தான் உண்டு. அப்படிப் பாத்தா அம்மிச்சி வச்சதும் எங்க வாசல்ல நிக்கறதும் ஒரே செடிதான். அந்த வீட்டை மாமன் வித்துட்டாரு. எங்கம்மாவைக் கையெழுத்துப் போட மட்டும் கார் வச்சுக் கூட்டிட்டுப் போய், ஒரு சேலையைக் குடுத்து அனுப்பி வச்சாங்க. முப்பது வருசம் அந்த அம்மிச்சிக்குச் சீக்கு வந்தப்பெல்லாம் ஓடுனது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை. அதை விடுங்க.

போன பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சோம். அடிச்ச ஆளு மீதிக் கரைசலையும் டப்பா கழுவுன தண்ணியையும் செடி நிக்கற வேப்பமரத்தடியிலயே கொட்டிட்டுப் போனாரு. பாத்துட்டுத்தான் நின்னேன், ஒண்ணும் தோணலை. மாசிக் கடைசியில கொழுந்து இலையெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். கிட்டக்க வச்சுப் பாத்தா நரம்பு மட்டும் பச்சைக் கோடு கோடா, நடுவெல்லாம் வெளுப்பு. யூரியா போட்டேன், ஓரமும் கருகுச்சு.

உரக்கடைத் தம்பி ஒரே கேள்விதான் கேட்டாரு: "அக்கா, மஞ்சள் அடி இலையிலயா, நுனி இலையிலயா?" அடி இலை முதல்ல மஞ்சளானா தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையா நின்னா இரும்புக் குறை. மண்ணுல இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு ஏறிட்டா வேரால அதை எடுக்க முடியாதாம். எங்க ஊரே சுக்கான் மண், சுண்ணாம்புக் கல் கலந்தது, போர் தண்ணி ஊத்துற குடத்துல வெள்ளைப் படலம் கட்டும். மண்ணைச் சோதிச்சப்ப பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8.4. இந்தச் செடிக்கு 6-ல இருந்து 7.5 வரைக்கும்தான் சுகம்.

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துட்டு, செம்மண்ணும் மக்கின தொழு உரமும் போட்டேன். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சாயங்காலமா இலையோட ரெண்டு பக்கமும் நனையற மாதிரி அடிச்சேன். பத்து நாளைக்கு ஒருக்கா, மூணு தடவை. வெளுத்த இலை முழுசாப் பச்சையாகலை, புதுத் துளிர் பச்சையா வந்துச்சு. துவைக்கற கல்லு மேல பட்ட துருக்கறை இன்னும் போகலை, எங்க நங்கை வரும்போதெல்லாம் அதைத்தான் முதல்ல பாக்கறாங்க. ஆர்.ஓ. மெஷின்ல வெளிய வர்ற கழிவுத் தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க, உப்பெல்லாம் அதுலதான்.

நான் விவசாயம் படிச்சவ இல்லை. மண்ணு ஈரமா இருந்தும் செடி துவண்டா இது வேற, வாடல் நோயாவோ, வேரைத் தாக்கற நூற்புழுவாவோ இருக்கும். ஒரு செடியைப் புடுங்கி வேரைப் பாருங்க, கறுத்து அழுகியிருந்தா அன்னபேதி அடிச்சுப் பிரயோசனமில்லை.

காஞ்ச பூக்கதிரையெல்லாம் கிள்ளி, வேம்புல ஒரு கிளையை வெட்டுன பொறவு ஆடி நோம்பிக்கு முதல் கதிர் வந்துச்சு. அடியில நாலு பூ. இப்ப ஆறு குச்சி பதியம் வச்சிருக்கேன். மாமன் ஒண்ணு கேட்டு விட்டிருக்காரு. குடுக்கறதா வேண்டாமான்னு அம்மா இன்னும் வாயைத் திறக்கலை.