கருத்தரிக்கும் முன் கணவரும் வர வேண்டுமா?

கேள்வி: அத்தை மகனை மணந்திருக்கிறேன். சிறுவயது முதல் வலிப்புக்கு மாத்திரை எடுத்து வருகிறேன். குழந்தை பெற விரும்புகிறோம்; மருத்துவர் கணவரையும் அழைத்து வரச் சொல்கிறார். அது அவசியமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மிகவும் அவசியம். முதலில் உங்கள் மாத்திரையைப் பார்ப்போம். வால்புரோயேட் என்னும் மருந்து கருவின் தண்டுவடத்தையும், பின்னாளில் குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது என்பதால், அது உங்கள் மருந்துச் சீட்டில் இருந்தால் கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவர் மாற்று மருந்தைப் பரிசீலிப்பார். ஆனால் நீங்களாக ஒருபோதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவதால் வரும் வலிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாகப் பெண்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் போதும். உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

நீங்கள் இருவரும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்பதால், ஒரே மரபணுக் குறையை இருவருமே வெளியே தெரியாமல் சுமந்திருக்கும் வாய்ப்பு மற்ற தம்பதியரைவிட அதிகம். இருவரும் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயின் கடத்திகளாக (நோய் இல்லாமல் அதன் மரபணுக் குறையை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். குடும்பத்தில் சிறுவயதிலேயே இறந்த குழந்தைகள், பிறவியிலேயே காது கேளாதோர் உண்டா என்று பெரியவர்களிடம் தயங்காமல் கேட்டுச் செல்லுங்கள். கணவரும் தம் நோய்களையும் மருந்துகளையும் மறைக்காமல் கூற வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 3 மாதங்கள் ஆவதால், புகைப்பழக்கம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுவது நல்லது.