கந்தூரி எந்த ஆண்டு மழையிலிருந்து விலகும்?

கேள்வி: நாகப்பட்டினத்தில் பந்தலும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடுகிறேன். நாகூர் தர்காவின் கந்தூரி விழாக் கடைப் பந்தல்களுக்கு 2026 முதல் ஐந்தாண்டு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். சில ஆண்டுகளாக மழையில்தான் வேலை. தேதி முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. எந்த ஆண்டு மழை விடும்? நோன்பு, பெருநாள் தேதிகளையும் நானே கணக்குப் போட வழி உண்டா?

பதில்: ஐந்தில் முதல் இரண்டு ஆண்டு முழு மழை, 2028 விளிம்பு, 2029-ல் பெரும்பாலும் தப்பிக்கலாம், 2030-ல் கவலையில்லை.

கந்தூரிக் கொடி இஸ்லாமிய ஆண்டின் ஆறாம் மாதமான ஜமாதுல் ஆகிர் முதல் பிறையில் ஏறுகிறது, சந்தனக்கூடு ஊர்வலம் பிறை 10 இரவு. பிறைக்குப் பிறை சராசரி 29.53 நாள், பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354 நாளும் கொஞ்சமும். ஆங்கில ஆண்டுக்கு 365. அந்த 11 நாள்தான் ஆண்டுதோறும் முன்னால் வருகிறது. கொடியேற்றத் தேதிகளையே பாருங்கள்: 2023 டிசம்பர் 14, 2024 டிசம்பர் 2, 2025 நவம்பர் 21. முதல் இடைவெளி 12 நாளானது 2024-ல் பிப்ரவரி 29 வந்ததால்.

ஆண்டுக்கு 11 என்று கழித்தால் இரண்டு மூன்று ஆண்டுக்குச் சரியாக வரும். அதற்கு மேல் போனால் ஆண்டு எண்ணிக்கையை 10.9-ஆல் பெருக்கிக் கழியுங்கள், முப்பது ஆண்டுக்கு 11 என்றே கழித்தால் மூன்று நான்கு நாள் பிசகும். இந்தக் கணக்குப்படி கொடியேற்றம் 2026-ல் நவம்பர் 10 அல்லது 11, 2027-ல் அக்டோபர் 30, 31 வாக்கில், 2028-ல் அக்டோபர் 19, 2029-ல் அக்டோபர் 8, 2030-ல் செப்டம்பர் 27 வாக்கில். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. 2029-ல் சந்தனக்கூடு அக்டோபர் 17, 18-ல் முடிந்துவிடும், கடைசிச் சில நாள் மட்டும் சந்தேகம். 2026 கந்தூரி விழுவது நவம்பர் நடுவில். கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டுக்குத் துணிப் பந்தலை நம்பி விலை பேசாதீர்கள். தகரம், கூடுதல் இழுகயிறு, ஜெனரேட்டருக்கு மேடை எல்லாம் சேர்த்தே பேசுங்கள்.

தீபாவளியும் அமாவாசைக் கணக்குதானே, அது ஏன் ஐப்பசியை ஒட்டியே நிற்கிறது என்று பலர் கேட்பார்கள். அதுவும் ஆண்டுக்கு 11 நாள் முன்னால் வரத்தான் செய்யும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இஸ்லாத்தில் அதற்கு இடமில்லை. மாதங்களை முன்பின் தள்ளும் பழைய அரபு வழக்கத்தைக் குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் விலக்கிவிட்டது. ரமலான் என்ற பெயரில் சுடும் வெப்பமும் ரபீ என்ற பெயரில் வசந்தமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாதங்கள் பருவத்தை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டன. நிலவரி வாங்குகிறவர்களுக்கு இது ஒத்துவருமா? அறுவடை நகராதே. அதனால் வந்ததுதான் நம் வருவாய்த்துறை ஜமாபந்தியில் இன்றும் எழுதும் பசலி என்ற வருவாய் ஆண்டு. ஷாஜஹான் காலத்தில், 1636-ல், தக்காணப் பசலியும் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டும் ஒரே எண், 1046. 2025 ஜூலையில் ஹிஜ்ரி 1447, பசலி 1435. அறுவடையோடு நின்றதற்கும் பிறையோடு ஓடியதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு விழுந்துவிட்டது.

தேதி தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, செல்போன் காலண்டர். பலவற்றில் இருப்பது சவூதிக் கணக்கு. அது பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முந்தும். 2025 நோன்புப் பெருநாள் அங்கே மார்ச் 30, இங்கே 31. இங்கே 29-ஆம் நாள் மாலை பிறை தெரிந்தால் புது மாதம், தெரியாவிட்டால் 30 நிறைவு. கார்த்திகை மேகத்தில் கடலோரத்தில் பிறை தெரியாமல் வெளியூர்த் தகவலுக்குக் காத்திருந்தால், அறிவிப்பு வர இரவு ஆகலாம். இரண்டாவது, இரவுக் கணக்கு. சூரியன் மறையும் மக்ரிப் நேரத்தோடு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. 2025-ல் பிறை 10 இரவு என்பது நவம்பர் 30 ராத்திரி. காலண்டரில் பிறை 10 என்று அச்சிட்டிருப்பது மறுநாள் பகலுக்கு. அதைப் பார்த்து ஆளும் விளக்கும் அனுப்பினால் கூடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்து நிற்பார்கள். ஒப்பந்தத்தில் "பிறை 10 இரவு" என்றே எழுதி, ஆட்களுக்கு ஒரு நாள் கூலி உபரியாக ஒதுக்கிவிடுங்கள்.

நோன்புக்கும் இதே கணக்குதான். 2025 மார்ச் 31-ல் தொடங்கிக் கழித்தால் 2030 பெருநாள் பிப்ரவரி முதல் வாரத்தில் வரும். அதே 2030 டிசம்பர் கடைசியில் அடுத்த ரமலான் பிறந்துவிடும், ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கம். நோன்பு நேரத்தைப் பொறுத்தவரை பருவம் நம்மை அதிகம் சோதிப்பதில்லை: சென்னையில் டிசம்பரில் சுமார் பன்னிரண்டரை மணி நேரம், ஜூனில் பதினாலேகால். நம்மூரில் சோதனை வெயிலும் தாகமும்தான். நோன்பு இனிக் குளிர்காலத்துக்குள் போவதால், கஞ்சி காய்ச்சும் இடத்துக்கும் இஃப்தார் திடலுக்கும் கீற்றுப் பந்தல் கேட்டவர்கள் 2030 டிசம்பர் முதல் மழைக்கூரை கேட்பார்கள். கந்தூரியில் மிச்சமாகும் தகரத்தை விற்றுவிடாதீர்கள்.