முதலில் சூடு, அப்புறம்தான் பால்

கேள்வி: எங்கள் நாய் போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்று மூன்றாம் நாள் தனியாக ஒதுங்கிக் கிடந்தது, தொட்டால் ஜில்லென்று இருந்தது. உடனே பசும்பால் ஊட்டினோம், இரவே இறந்துவிட்டது. எங்கே தவறினோம்? இப்போது மாடிப்படிக்குக் கீழே கண் திறக்காத இரண்டு பூனைக்குட்டிகள் கிடக்கின்றன, தாயைக் காணோம்.

பதில்: அந்தப் பதற்றத்தில் யாராக இருந்தாலும் பாலைத்தான் தேடியிருப்பார்கள், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். ஆனால் ஜில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. முதல் வாரத்தில் அதற்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது, நடுங்கக்கூட வராது. உடல் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குடல் மந்தமாகிவிடும், ஊட்டிய பால் செரிக்காமல் தேங்கும், சில சமயம் மேலே வந்து நுரையீரலுக்குள்ளும் போய்விடும். அதனால் முதலில் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு மணி நேரம் எடுத்து மெதுவாகத்தான் சூடேற வேண்டும், அவசரப்பட்டு அதிகச் சூடு காட்டுவதும் ஆபத்து. பெட்டியில் வைப்பதானால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

சரி, பூனைக்குட்டிகளுக்கு வருவோம். அவை கதகதப்பாக, வயிறு நிரம்பி, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் இரை தேடிப் போயிருக்கும், தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். வயிறு ஒட்டிப்போய் ஓயாமல் கத்தினால், அல்லது உடம்பு குளிர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரை வாங்கி இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் கொடுங்கள். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டினால் புரையேறும். குப்புறப் படுத்தபடியே, தலை லேசாக நிமிர்ந்திருக்கக் குடிக்கட்டும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிவிடுங்கள், தாய் நக்கிவிடுவது போல. சுமார் மூன்று வாரம் வரை அப்படிச் செய்தால்தான் சிறுநீரும் மலமும் வெளியேறும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தினமும் எடை பாருங்கள், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால்கூட கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நாம் தொட்டால் தாய்ப் பூனை குட்டியை ஒதுக்கிவிடுமாமே?

பதில்: இல்லை, மனித வாசனைக்காகவே குட்டியைக் கைவிடும் வழக்கம் பூனைக்கு இல்லை. குளிர்ந்துபோன, நோய்ப்பட்ட குட்டியைத்தான் சில சமயம் ஒதுக்கும். ஆகவே தாய் திரும்பி வந்தால் குட்டியைச் சூடேற்றி அதனிடமே விடுங்கள்.