மூன்றாவது முறை நீட்டா, நுண்ணுயிரியலா?

தேனிப் பக்கம் பேக்கரியும் டீக்கடையும் சேர்த்து நடத்தும் ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் சீட் கிடைக்கிற மதிப்பெண் வரவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும் என்கிறார் பெரியப்பா. அத்தையோ, வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வீட்டை அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தாலும், இங்கே எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். அதுவும் ஒரு நீட் மாதிரிதான். தவணையை அத்தை கட்டப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "கடைக்கு வந்தால் ரொட்டி பாக்கெட்டில் தேதி பார்க்கிறாள், நேற்றைய எண்ணெயில் பஜ்ஜி போடக் கூடாது என்று மாஸ்டரோடு சண்டை போடுகிறாள்" என்று புகாராக எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலை அது!

நம் நாட்டில் லைசென்ஸ் எடுத்த உணவு நிறுவனங்களில், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்கிறது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். உங்களைப் போன்ற சின்னக் கடைக்குப் பதிவு மட்டும் போதும். சுகாதார விதிகள் மட்டும் எல்லோருக்கும் உண்டு. மேற்பார்வையாளருக்கான பயிற்சிக்கு ஃபாஸ்டாக் (FoSTaC) என்று பெயர் (டோல்கேட்டில் ஒட்டுவது வேறு). அடிப்படைப் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும்.

மேற்பார்வையாளர் என்ன செய்வார்? ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல் போகாமல், சூடாக வைத்த சாம்பார் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்ப்பார். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். திரும்பத் திரும்பப் பொரித்து எண்ணெய் கெடும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டச் சொல்வார். அதைக் காட்டக் கையடக்க மீட்டர் இருக்கிறது, உங்கள் மகள் மாஸ்டரிடம் வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை. பச்சைக் கறியும் வெந்த கறியும் ஒரே பலகையில் வெட்டப்படுகிறதா, வேலையாட்களின் வருடாந்திர மருத்துவச் சான்று இருக்கிறதா, தண்ணீரைச் சோதித்தார்களா, எல்லாவற்றுக்கும் பதிவேடு வைப்பார். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்த அறிவியல்தான்.

ஒரு நாள் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்நாள் வேலை கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடியில் ஒரு பட்டம் வேண்டும். அரசு உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு விதிகள் ஏற்கும் பட்டங்களில் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் (மைக்ரோபயாலஜி) எல்லாம் உண்டு. அதாவது, பக்கத்து ஊர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தாலே அந்த வாசல் திறக்கும். அவள் பிளஸ் டூவில் கணிதமும் எடுத்திருந்தால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு நீட் கிடையாது. ஆனால் அரசுப் பணியிட அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதுவரை பெரிய ஹோட்டல்கள், பால் நிறுவனங்கள், பிஸ்கட் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டில் சேரலாம். ஆரம்பச் சம்பளம் சுமார்தான். உணவுப் பாதுகாப்பு ஆடிட்டிங் (தணிக்கை) பக்கம் போனால் ஏறும்.

பட்டத்தின் பெயரில் கவனமாக இருங்கள். கவர்ச்சியான பெயர் வைத்து லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் படிப்பு எதிலும், மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதலில் இந்த மாதமே அவளை ஃபாஸ்டாக் பயிற்சிக்கு அனுப்புங்கள். கோச்சிங்கில் ஒரு மாதத்துக்குக் கட்டுகிற பணம்கூட ஆகாது. முடித்து வந்து பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், வேறு வழி பார்ப்போம். பிடித்திருந்தால், கல்லூரி விண்ணப்பத் தேதிக்கு முன்பே அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். பெரியப்பாவும் வரட்டும், பரவாயில்லை. பேச வேண்டியது அவள்தான்.