விரல் விட்டு எண்ணினால் எண்ணட்டுமே

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஆங்கில வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் இன்னமும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறான். பாதி நேரம் 12 என்கிறான். கழித்தல் என்றாலே அழுகைதான். 32-இல் 17 போனால் 25 என்று எழுதி வைக்கிறான். ‘விரல் விட்டு எண்ணும் பழக்கத்தை வீட்டில் நிறுத்துங்கள்’ என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். அவன் அப்பா சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் சத்தம் போடுகிறார். அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார் மாமியார். இவனுக்குக் கணக்கே வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், நாமக்கல்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பையன் சொன்ன தப்பு விடைகளை அப்படியே எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பல கடிதங்களில் ‘கணக்கு வரவில்லை’ என்று மட்டும்தான் இருக்கும். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று தெரியாமல் என்ன சொல்ல முடியும்? உங்கள் பையனின் 12, 25 இரண்டையும் பார்த்தாலே, அவன் குருட்டாம்போக்கில் எழுதவில்லை, யோசித்துத்தான் தப்பு செய்கிறான் என்று தெரிகிறது.

12 எப்படி வந்திருக்கும்? ‘மனசுல எட்டு, கையில அஞ்சு’ என்று நாம் எல்லோரும் படித்த முறைதான். ஐந்து விரலை நீட்டிக்கொள்கிறான். முதல் விரலைத் தொடும்போதே ‘எட்டு’ என்று ஆரம்பித்துவிடுகிறான். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. விரல் தீர்ந்துவிட்டது. மனசில் இருந்த எட்டை விரலிலும் ஒரு தடவை எண்ணிவிட்டான், அவ்வளவுதான் விஷயம். இன்று சாயந்தரம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயையும் விரலையும் சேர்த்துக் கவனியுங்கள். ‘எட்டு’ என்று சொல்லும்போது கையை நெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். கையை எடுத்து முதல் விரலைத் தொடும்போது ‘ஒன்பது’. நாலைந்து நாள் இப்படிச் செய்தால் பழகிவிடும்.

விரலை நிறுத்தச் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. நானும் ஒரு காலத்தில் நிறுத்தச் சொன்னவள்தான். தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வகுப்பில் ஒரு சிறுமி கையைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்து எண்ணுவாள். கையைக் கட்டிக்கொண்டு கணக்குச் சொல் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வாயை மூடியபடி நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு மனசு மிகவும் கஷ்டமாகிவிட்டது. எண்ணாமல் விடை சொல்ல அந்தக் குழந்தைக்கு நான் வேறு எந்த வழியையும் காட்டியிருக்கவில்லை. இருந்த ஒரு வழியையும் பிடுங்கியிருந்தேன்.

விரலைவிட வேகமான வழி கைவந்துவிட்டால் பிள்ளைகள் தாமாகவே விரலை விட்டுவிடுவார்கள். அந்த வழிக்கு அடிப்படை பத்து. எந்த இரண்டு எண் சேர்ந்தால் பத்து வரும் என்பது அவனுக்குத் தன் பெயர் மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு வீட்டில் இருக்கிற புளியங்கொட்டை போதும். பத்துக் கொட்டையை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். தாயம் ஆடத் தேய்ப்போமே, அதே மாதிரி. தேய்க்கிற வேலையை அவனிடமே கொடுங்கள், கொட்டை சூடேறுவது பிள்ளைகளுக்கு ஒரே குஷி. (வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள்.) இரண்டு கையிலும் குலுக்கிப் போடட்டும். வெள்ளை ஏழு, கறுப்பு மூன்று. மறுபடி போட்டால் வெள்ளை நாலு, கறுப்பு ஆறு. ஒவ்வொரு தடவையும் அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். ‘எப்பப் போட்டாலும் பத்துதாம்மா வருது’ என்று அவன் வாயிலிருந்து வரும்வரை நீங்கள் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு வாரம் போனதும், கறுப்பை உங்கள் உள்ளங்கையால் மூடிவிடுங்கள். வெள்ளை ஆறு தெரிகிறது, கைக்குள்ளே எத்தனை? அவன் யோசித்து ‘நாலு’ என்றதும் கையைத் திறந்து காட்டுங்கள். அவன் இப்போது செய்தது கழித்தல், பத்தில் ஆறு போக மீதி நாலு. அழாமல் செய்துவிட்டான், பாருங்கள். கூட்டலையும் கழித்தலையும் பள்ளிக்கூடத்தில் தனித்தனிப் பாடமாக நடத்துவதால் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு சுமையாகத் தூக்குகிறார்கள். ஆறும் நாலும் பத்து என்று தெரிந்தவனுக்குப் பத்தில் ஆறு போனால் என்ன என்று தனியாகப் படிக்க வேண்டியதே இல்லை.

அப்புறம் எட்டும் ஐந்தும். எட்டு பத்தாக இன்னும் எத்தனை வேண்டும்? இரண்டு. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடுத்தால் பத்து, மிச்சம் மூன்று, ஆகப் பதிமூன்று. கழிக்கும்போது வந்த வழியே திரும்ப வேண்டும். பதிமூன்றில் எட்டு போக வேண்டும் என்றால் முதலில் மூன்றை எடு, பத்துக்கு வந்துவிட்டாய், இன்னும் ஐந்தை எடு, மீதி ஐந்து.

இந்த இடத்தில் தமிழ் உங்களுக்குப் பெரிய உதவி செய்யும். பதிமூன்று என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் இருக்கிறது. பதினொன்று, பதினைந்து எல்லாமே அப்படித்தான். ஆங்கிலத்தில் இலெவன், ட்வெல்வ் என்று சொன்னால் பத்து இருப்பதே பிள்ளையின் காதில் விழாது. ஃபோர்டீன் என்பதில் நாலு முதலில் கேட்பதால் 41 என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கட்டும், வீட்டில் கணக்கைத் தமிழில் பேசுங்கள். தமிழிலும் ஓர் இடம் வழுக்கும்: எண்பத்தொன்பது முடிந்ததும் தொண்ணூறு. அந்தச் சொல்லில் நூறு கேட்பதால் அங்கே தடுமாறினால், ‘ஒன்பது பத்துதான் தொண்ணூறு’ என்று பத்துப் பத்தாக அடுக்கிக் காட்டுங்கள்.

இனி அந்த 25. இரண்டில் ஏழு போகாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் ஏழில் இரண்டைக் கழித்து 5 போட்டுவிட்டான். பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததை அவன் மறக்கவில்லை. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று இதற்கு நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். திருப்பிக் கொடுக்காத அந்தக் கடன் பிள்ளைகளுக்குப் புரிவதே இல்லை. பாடப் புத்தகம் இனமாற்றம் என்கிறது. வீட்டில் நீங்கள் சில்லறை மாற்றுவது என்று சொல்லுங்கள். மூன்று பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் அவன் கையில் கொடுத்து, நீங்கள் கடைக்காரராக உட்கார்ந்து 17 ரூபாய் கேளுங்கள். ஒரு நோட்டைத் தருவான். ஏழு ரூபாய்க்குக் காசு போதாது, திருதிருவென்று விழிப்பான். கொஞ்ச நேரம் விழிக்கட்டும், அவசரப்பட்டு உதவாதீர்கள். ‘இதுக்குச் சில்லறை இருக்கா?’ என்று ஒரு நோட்டை நீட்டுவான் பாருங்கள், அங்கேதான் புரிகிறது. பத்துக் காசை எண்ணிக் கொடுங்கள். இப்போது, முதலில் உங்களிடம் தந்ததையும் சேர்த்தால், அவன் கணக்கில் இரண்டு நோட்டு, பன்னிரண்டு காசு. 17 போக மீதி ஒரு நோட்டு, ஐந்து காசு. நோட்டுப் புத்தகத்தில் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதுவதை இந்த ஆட்டம் நன்றாக வந்த பிறகு காட்டினால் போதும்.

உங்கள் கணவரிடம் இப்போதைக்கு வீட்டுப்பாடத்தைக் கொடுக்காதீர்கள், தாயம் ஆடும் வேலையைக் கொடுங்கள். இரண்டு தாயக்கட்டையையும் உருட்டி, விழுந்ததைக் கூட்டிக் காயை நகர்த்துவது பையன் பொறுப்பு. ஆட்டத்தில் அவன் மெதுவாக எண்ணினால் அவருக்குக் கோபம் வராது. பாடம் என்று உட்காருவது பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அபாகஸ் வகுப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே முக்கியமாக வேகத்தைப் பழக்குவார்கள். உங்கள் பையனுக்குத் தேவை நிதானம். இந்த வருடம் அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நாலைந்து மாதம் இப்படி விளையாடிய பிறகும் பத்துப் பொருளைத் தப்பில்லாமல் எண்ண முடியவில்லை, ஏழு பெரியதா நாலு பெரியதா என்று சொல்லத் தெரியவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்குக் கணக்கில் மட்டும் கற்றல் குறைபாடு இருக்கும், அதற்கென்று பயிற்சியும் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மிஸ்ஸுக்கு டைரியில் பதில் எழுத வேண்டுமே என்று தயங்குவீர்கள். இப்படி எழுதலாம்: ‘மிஸ், பையன் வீட்டில் தினமும் பத்தை வைத்துக் கூட்டல், கழித்தல் பழகுகிறான். பழகி முடிக்கும்வரை விரல் விட்டு எண்ண அனுமதியுங்கள். நேரம் கிடைத்தால் உங்களை நேரில் பார்க்க வருகிறேன்.’ போகும்போது அந்தப் பத்துப் புளியங்கொட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.