கழுத்தில் அடிக்கடி நெறி கட்டினால்: காது மூக்கு தொண்டை டாக்டர் பதில்கள்

ஏழு வயது மகளுக்குப் பின்கழுத்தில் பட்டாணி அளவில் இரண்டு மூன்று நெறி. அமுங்குகிறது, மறுபடி வருகிறது. கேன்சராக இருக்குமோ டாக்டர்?

முதலில் பாப்பாவின் தலைமுடியைப் பிரித்துப் பாருங்கள் அம்மா. பேன், சொறிந்த புண், பொடுகு ஏதாவது இருக்கும். தலைத்தோலில் கிருமி புகுந்தால் பின்கழுத்தில்தான் நெறி கட்டும். பல் சொத்தை, டான்சில் என்றால் தாடைக்கு அடியில். பேனுக்கு பெர்மெத்ரின் லோஷன் போட்டு, ஒன்பது பத்து நாள் கழித்து இன்னொரு முறை போடுங்கள். வீட்டில் பேன் உள்ள எல்லோருக்கும் சேர்த்துப் போடாவிட்டால் பயனில்லை. நெறி கரைய சில வாரம் பிடிக்கும். அதுவரை தினமும் அமுக்கிப் பார்க்காதீர்கள்!

வயது 24. கழுத்தின் பக்கவாட்டில் மூன்று கட்டி, இரண்டு மாதமாக. மருந்துக்கடையில் மூன்று முறை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டேன். மாலையில் லேசாகக் காய்ச்சல், எடையும் குறைகிறது. கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார் அத்தை.

பரவாது, தைரியமாகப் போங்கள். மெல்லிய ஊசிதான், ரத்தம் எடுப்பது போல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நெறியில் வரும் காசநோயை முதலில் சந்தேகிப்பேன். கண்டமாலை என்று பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். லிம்போமா (நெறியில் தொடங்கும் புற்றுநோய்) போன்றவையும் இப்படி வரலாம் என்பதால் ஊகத்தில் மருந்து தரக் கூடாது. கடையில் வாங்கும் சில ஆன்டிபயாடிக் காசநோய்க் கிருமியைப் பாதி அடக்கிவைத்து, நோயைக் கண்டுபிடிப்பதையே தள்ளிப்போடும்.

காசநோய் என்று உறுதியானால் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். இன்னொன்று: மாத்திரை தொடங்கிய பிறகு நெறி திடீரென்று பெரிதாகலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நுரையீரலில் இல்லாமல் நெறியில் மட்டும் இருந்தால் மற்றவருக்குத் தொற்றாது, அத்தையிடமும் சொல்லுங்கள்.

வயது 52. தாடைக்கு அடியில் கல் மாதிரி ஒரு கட்டி. வலியே இல்லை, விட்டுவிடலாமா? புகையிலை போடும் பழக்கம் உண்டு.

விடாதீர்கள் ஐயா. வலிக்கும் நெறியை விட, உங்கள் வயதில் வலிக்காமல் கெட்டியாக இருப்பதுதான் எனக்குக் கவலை. இந்த வாரமே வாய், நாக்கின் ஓரம், தொண்டை எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் தாடைக்கு அடியில் வீங்குகிறது, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது.

அது நெறியே இல்லை, எச்சில் சுரப்பி. குழாயில் கல் அடைத்திருக்கலாம். ஸ்கேன் எடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். காய்ச்சலோ சீழோ வந்தால் காத்திருக்க வேண்டாம்.

சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடலாமா?

தோல் வெந்துவிடும். அப்புறம் அந்தப் புண்ணுக்கே இன்னொரு நெறி கட்டும்.