வகுப்பு வலைப்பூவில் எழுதினால் பிள்ளைக்குத் தமிழ்க் கட்டுரை பயம் போகுமா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 4 படிக்கும் மகள் தமிழ்க் கட்டுரை என்றாலே மிரளுகிறாள், வகுப்புப் பிள்ளைகள் எழுதி ஒருவர் பதிவை மற்றவர் படிக்கும் வகுப்பு வலைப்பூ உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். படிக்க ஆள் கிடைக்கிறதே, அதுதான் காரணம். கட்டுரைப் பயிற்சியை ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார், அதுவும் சிவப்புப் பேனாவோடு. ‘தேக்கா சந்தைக்குப் போனேன், நன்றாக இருந்தது’ என்று முடிக்கும் பிள்ளையிடம், ‘என்ன வாங்கினாய்? மீன் நாற்றம் அடிக்கவில்லையா?’ என்று தோழி கேட்டால், அடுத்த பதிவில் மீன்கடையும் வரும், பேரம் பேசிய பாட்டியும் வருவார். விரித்து எழுதும் பழக்கம் இப்படித்தான் படிகிறது. ஆகவே தோழியின் பதிவுக்குக் கருத்து எழுதவும் சொல்லித்தர வேண்டும். ‘சூப்பர்’ போதாது, பிடித்த ஒரு வரி, கூடவே ஒரு கேள்வி.

இங்கே பல வீடுகளில் ஆங்கிலம்தான் புழக்கம். பேச்சுத்தமிழே தயங்கி வரும்போது எழுத்துத்தமிழ் இன்னொரு சுமை. முதல் வரைவில் லகர ளகரக் குழப்பத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், வெளியிடுமுன் திருத்தலாம். தட்டச்சு தடுக்கினால் முதலில் சொல்லிப் பதிவு செய்யட்டும், கேட்டு எழுதட்டும். (கையெழுத்தையும் விட்டுவிட வேண்டாம், தேர்வு இருக்கிறது.)

பள்ளியில் வலைப்பூ இல்லையென்றால், 2018 முதல் பள்ளிகளில் புழங்கும், கல்வி அமைச்சின் இணையத்தளமான மாணவர் கற்றல் தளத்திலேயே (SLS) ஆசிரியர் இதைச் செய்யலாம். வகுப்புக்குள் மட்டும் தெரிவது எனக்குப் பிடிக்கும்: பிள்ளையின் பெயரும் படமும் வெளியே போகாது. கூச்சம் மிகுந்த பிள்ளையைத் தொடக்கத்தில் படிக்க மட்டும் விடுங்கள்.